தொழிலகச் சம்பவ அறிவிப்பு

ஆலையில் நேரும் விபத்து, வாயுக்கசிவு, தீ, அத்துமீறல், கணினி ஊடுருவல், மயிரிழையில் தப்பிய ஆபத்து ஆகியவற்றைக் கண்டவர் உரியவரிடம் உடனே தெரிவித்து, பின் எழுத்தில் பதியும் முறை தொழிலகச் சம்பவ அறிவிப்பு எனப்படும்.

வரலாறு

பிரிட்டனின் 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதற்கு முன்னோடி. அடிபட்டவர் மறுநாள் காலை 9 மணிக்குள் வேலைக்குத் திரும்ப இயலாவிட்டால், 24 மணி நேரத்துக்குள் சான்றளிக்கும் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும் என அது விதித்தது. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. இன்று பலரும் அறிந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 88ஆம் பிரிவு, உயிரிழப்பையும், தொழிலாளியை 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய விடாத காயத்தையும் அறிவிக்கச் சொன்னது.

ஒரு நூற்றாண்டு இடைவெளி இருந்தும் இரு சட்டங்களின் அளவுகோலும் ஒன்றே: தொழிலாளி எத்தனை மணி நேரம் வேலைக்கு வரவில்லை? ஆளுக்கு அடிபடாவிட்டால் தாளில் ஏதும் ஏறாது. இக்குறையை இந்தியச் சட்டத்தின் 1976ஆம் ஆண்டுத் திருத்தம் போக்கியது. அதில் சேர்ந்த 88அ பிரிவு, காயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘ஆபத்தான நிகழ்வு’களை அறிவிக்கச் சொன்னது.

சட்டம் இருந்தும் போபால் நச்சுவாயுப் பேரழிவு நடந்தது. அங்குள்ள யூனியன் கார்பைடு ஆலையில் 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் கசிந்து ஒரு தொழிலாளி இறந்தார். 1982இல் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி தொடர்ந்து எச்சரித்து எழுதினார். யாரும் செவிசாய்க்கவில்லை. 1984 டிசம்பர் 2-3 இரவில் மெத்தில் ஐசோசயனேட் ஊரைச் சூழ்ந்தது. அதன்பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1987இல் தொழிற்சாலைச் சட்டத் திருத்தமும், 1989இல் அபாயகர வேதிப்பொருள் விதிகளும் வந்தன. பெருவிபத்தை 48 மணி நேரத்துக்குள் அறிவிப்பதை 1989 விதிகள் கட்டாயமாக்கின. 1996இல் வந்த விதிகள் மத்திய, மாநில, மாவட்ட, உள்ளூர் என நான்கடுக்கு நெருக்கடிக் குழுக்களை அமைத்தன.

வகைப்பாடு

1. விபத்து: ஆளுக்கு அடிபட்டது.
2. ஆபத்தான நிகழ்வு: வெடிப்பு, தீ போன்றவை, காயம் இல்லாமலும் இருக்கலாம்.
3. பெருவிபத்து: ஆலைக்கு உள்ளேயோ வெளியேயோ உயிருக்கோ சுற்றுச்சூழலுக்கோ பெருங்கேடு விளைவிப்பது.
4. தப்பிய விபத்து: தொழிலாளர் வழக்கில் ‘நியர் மிஸ்’. ஒரு பெருங்காயத்துக்குப் பின்னால் 29 சிறுகாயங்களும் காயமில்லாத 300 நிகழ்வுகளும் உண்டு என தொழிற்பாதுகாப்பு ஆய்வாளர் ஹைன்ரிக் 1931இல் கணித்தார். விகிதம் ஆலைக்கு ஆலை மாறினாலும், சிறியதைப் பதிந்தால்தான் பெரியதைத் தடுக்க முடியும்.
5. கணினி ஊடுருவல்: கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிணையத்தோடு இணைந்த கணினி ஒன்றில் தீநிரல் இருப்பது 2019 செப்டம்பரில் தெரியவந்தது. அக்டோபர் இறுதியில் முதலில் மறுக்கப்பட்டு, மறுநாளே ஒப்புக்கொள்ளப்பட்டது. இத்தகைய சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஆணையிட்டது.

சாகுபுரத்தில்

தூத்துக்குடி மாவட்டத்தில் ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் அருகிலுள்ள சாகுபுரம், உப்பள நிலத்தில் எழுந்த ஆலையூர். உப்புக்கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா எடுக்கும்போது குளோரின் என்ற நச்சுவாயுவும் பிறக்கிறது. காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமான இவ்வாயு தரையோடு தவழும். மேற்கிலிருந்து மேல்காற்று வீசினால் கடற்பக்கம் போகும். கிழக்கிலிருந்து கொண்டல் வீசினால் உள்ளூர்களின் பக்கம் திரும்பும். ஆகவே இங்கு 48 மணி நேரக் கெடு காகிதத்துக்கு மட்டுமே பொருந்தும். ஊருக்கு வேண்டியது முதல் நிமிடத் தகவல்.

நல்ல அறிவிப்பு

நேரம், இடம், கண்டது, காற்றின் திசை, செய்தது ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். கண்டதையும் ஊகித்ததையும் கலக்கக் கூடாது. முதலில் வாய்மொழி, பிறகு எழுத்து. ஷிப்ட் மாறும்போது குறிப்பேட்டை அடுத்தவர் படித்துக் கையொப்பமிட வேண்டும். சொன்னவரைத் தண்டித்தால் அடுத்தவர் வாய் திறக்கமாட்டார். ஒப்பந்தத் தொழிலாளர் முதலில் மௌனமாவார். எனவே பெயரின்றித் தெரிவிக்க இடமளிப்பதே சரியான முறை.

இன்றைய நிலை

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2020இல் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைகள் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.