கொழும்பு நகரும் ஏ. ஈ. குணசிங்கவும்: ஒரு மறுநோக்கு

கொழும்பு மாநகர சபை 1866ஆம் ஆண்டிலே இயங்கத் தொடங்கியது. அதன் தலைமைப்பீடம் நெடுங்காலம் குடியேற்ற ஆட்சியின் உத்தியோகத்தரிடமே இருந்தது. உறுப்பினரைத் தெரிவுசெய்யும் உரிமையும் சொத்துடையோரைத் தாண்டிச் செல்லவில்லை. 1937இல் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து தெரிவுசெய்யப்பட்ட முதலாவது நகர முதல்வரானார். சில ஆண்டுகளின் பின், 1940 முதல் 1943 வரை, அப்பதவியை வகித்தவர் ஏ. ஈ. குணசிங்க. வேலைநிறுத்த மேடைகளினூடாக நகர மண்டபத்தை அடைந்தவர் என்ற வகையில் அவரது வாழ்க்கை தனிக்கவனத்திற்குரியது.

1891 மே 1ஆந் திகதி கண்டியிற் பிறந்த குணசிங்க, 1915இல் இளம் இலங்கையர் சங்கம் உருவாவதில் முன்னின்றார். சொத்தில்லாதவனையும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய், அன்றேல் பணம் செலுத்து என நிர்ப்பந்தித்த தலைவரிக்கு எதிரான கிளர்ச்சி, அவரை நகரின் ஏழை மக்களோடு பிணைத்தது. 1922இல் இலங்கைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1923ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்ததெனினும், 1927ஆம் ஆண்டுத் துறைமுக வேலைநிறுத்தம் ஊதிய உயர்வை ஈட்டித் தந்தது.

துறைமுகத்திலே சிங்களவரும் தமிழரும் மலையாளிகளும் அருகருகே உழைத்தனர். அவர்களை ஒருங்கே அணிதிரட்டாமல் வெற்றி கிட்டியிராது. தமிழ்ப் பத்திரிகையாளர் கோ. நடேசையர் சங்கத்தின் துணைத் தலைவராக விளங்கியமை அவ்வொருமையின் அடையாளமெனலாம். டொனமூர் ஆணைக்குழுவின் முன்னிலையில் சர்வசன வாக்குரிமையைக் கோரிய குரலும் குணசிங்கவின் இயக்கத்தினுடையதே. இலங்கைத் தேசிய காங்கிரஸ் வரையறுக்கப்பட்ட வாக்குரிமையுடன் அமைதி கண்டது, சேர். பொன். இராமநாதனோ சர்வசன வாக்குரிமையை வெளிப்படையாகவே எதிர்த்தார். உயர்குழாத்தினர், அவர் சிங்களவராயினுந் தமிழராயினும், உழைப்பாளியை அரசியற் பிரசையாகக் கருதத் தயங்கிய வேளையில், அவனுக்காகப் பேசியவர் இவர் என்பதை நாம் மறுத்தலாகாது.

ஆயினும் வரலாறு இவ்விடத்தோடு நின்றுவிடவில்லை. 1929ஆம் ஆண்டு டிராம் வண்டித் தொழிலாளரின் வேலைநிறுத்தம் மருதானையிலே பொலிசாரின் துப்பாக்கிப் பிரயோகத்திலும் உயிரிழப்பிலும் சென்று முடிந்தது. அவ்வாண்டிலேயே முதலாளிமாரின் சம்மேளனத்திற்கும் குணசிங்கவின் தொழிற்சங்க காங்கிரசிற்கும் இடையே உடன்படிக்கை கைச்சாத்தானது. சங்கத்திற்கு அங்கீகாரம் கிடைத்தது; போர்க்குணமோ மழுங்கத் தொடங்கியது. உலகப் பொருளாதார மந்தம் வேலையின்மையைப் பெருக்கியபோது, அதன் காரணத்தை முதலாளித்துவ அமைப்பிலே தேடுவதற்குப் பதிலாக, அருகே நின்று உழைத்த மலையாளத் தொழிலாளியை அவர் சுட்டிக்காட்டினார். அவரது 'வீரயா' பத்திரிகை அப்பிரசாரத்தின் கருவியாயிற்று. நடேசையர் ஏலவே பிரிந்து சென்றிருந்தார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனம் அமைத்தார்.

1933இல் வெள்ளவத்தை நெசவாலை வேலைநிறுத்தத்திலே இம்மாற்றம் முழுமையாக வெளிப்பட்டது. கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளம் இடதுசாரிகள் வேலைநிறுத்தக்காரர் பக்கம் நின்றனர். பெரும்பாலும் மலையாளிகளாயிருந்த அத்தொழிலாளருக்கு எதிராக, வேலைநிறுத்தத்தை முறியடிக்கும் அணியிலே நின்றார் குணசிங்க. 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியபின் நகரத் தொழிலாளரிடையே அவரது செல்வாக்குப் படிப்படியாகத் தேய்ந்தது.

அவர் நகர முதல்வரானது இதற்குப் பின்னரே. தொழிலாளர் தலைவரொருவர் அவ்வாசனத்தில் அமர்ந்தமை 1866ஆம் ஆண்டுச் சபையினர் எண்ணியும் பார்த்திராத மாற்றமாகும். 1942 ஏப்ரல் 5ஆந் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியதும் அவரது காலத்திலேயே. அவர் பதவி நீங்கியபின், 1944இல், டிராம் சேவையை மாநகர சபை பொறுப்பேற்றது. 1929இல் தனியார் கம்பனியோடு தொழிலாளர் மோதிய அதே சேவை பொதுச் சொத்தாயிற்று. 1947இல் மத்திய கொழும்புத் தொகுதியிலிருந்து பாராளுமன்றஞ் சென்ற குணசிங்க, டி. எஸ். சேனாநாயக்கவின் அரசாங்கத்தில் அமைச்சராகவும் இடம்பெற்றார். அவ்வரசாங்கமே 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் மூலம் இந்திய வம்சாவளித் தொழிலாளரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1967இல் அவர் காலமானார்.

குணசிங்கவைத் தொழிற்சங்க இயக்கத்தின் தந்தையென்று மட்டும் போற்றுவோரும், இனவாதியென்று மட்டும் ஒதுக்குவோரும் அவரைப் பாதியாகவே காண்கின்றனர் என்பது எமது கருத்து. நகரின் வாயிலை உழைப்பாளிக்குத் திறந்த கையே, அவ்வுழைப்பாளருள் ஒரு பகுதியினருக்கு அதனை அடைத்தது. இதனைத் தனிமனித முரண்பாடு என்று கொள்வது போதாது. வர்க்க ஒருமைப்பாடு கோட்பாட்டு உறுதியின்றி, தலைவரொருவரின் ஆளுமையில் மாத்திரம் தங்கியிருக்குமாயின், நெருக்கடி வந்தவுடன் அது இன எல்லைகளின் வழியே உடைந்துவிடும். ஒருவரையொருவர் அறிந்து, ஒரே கப்பலிற் சுமை இறக்கிய மனிதர் ஐந்தாறு ஆண்டுகளுள் அந்நியராக்கப்பட்டனர். எமது நாட்டின் பிற்கால அவலங்களின் வேர்களை ஆராய்வோர் பாராளுமன்ற ஏடுகளோடு நின்றுவிடாது, கொழும்புத் துறைமுகத்தையும் வெள்ளவத்தை ஆலை வாசலையும் நோக்குதல் வேண்டும்.