மலையகப் பெண்ணும் மருத்துவத்தின் மௌனமும்

தோட்டப்புற மருத்துவ வரலாற்றை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். பெண்ணுடல் அங்கு மகப்பேற்றின் வாயிலாகவே பெரிதும் கணிக்கப்பட்டது. 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1958இல் சுவீடன் உதவியுடன் தொடங்கிய குடும்பத்திட்ட முன்னோடி முயற்சி டயகம தோட்டத்தையும் தன் களமாகக் கொண்டது. கருவுறுதலும் கருத்தடையும் இவ்வாறு திட்டங்களுக்குப் பொருளாயின. மாதவிடாய் நின்ற காலத்து உடற்சூடும் உறக்கமின்மையும் ஆகவில்லை.

மேனாட்டு வரலாறு வேறு. 1942இல் அமெரிக்காவில் பிரெமரின் என்னும் ஓமோன் மாத்திரை விற்பனைக்கு வந்தது. தனி ஈஸ்திரோசன் கருப்பைப் புற்றுநோய் அபாயத்தை மிகுவிப்பதை 1975இல் ஆய்வுகள் காட்டின. 2002இல் கூட்டு ஓமோன் பற்றிய பேராய்வொன்று இடைநிறுத்தப்பட்டது. அறுபது வயதுக்கு முன் தொடங்கும் தகுதியுடையோர்க்கு நன்மையே மிகுதி என்பது பின்னர் தெளிந்த கருத்து. அங்கு பெண்கள் மருந்தை ஏற்றனர், அஞ்சினர், மீண்டும் ஆராய்ந்தனர். தெரிவு அவர்களுக்கு இருந்தது.

இலங்கையில் முப்பத்தைந்து வயதைக் கடந்தோர்க்கான சுகவனிதையர் நிலையங்கள் 1996இலேயே தோன்றின. ஆனால் 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமோ ஐம்பது வயதையே பெண்ணின் ஓய்வெல்லையாகக் கொண்டு நிதியைப் பெற இடமளித்தது. உழைப்பின் முடிவைச் சட்டம் அறிந்திருந்தது. அவ்வயதின் உடலை மருத்துவம் வினவவில்லை. பனி படர்ந்த மலைச்சரிவில், கொழுந்துக் கூடையின் கீழ், திடீரென வியர்த்து நிற்பவளுக்கு முதலில் வேண்டுவது மாத்திரையன்று. கேட்கும் செவியும், தெரிவு செய்யும் உரிமையுமே.