செப்டிக் ஷாக்கும் இரத்தக்குழாய் சுருக்கி மருந்துகளும்

கிருமித்தொற்று முற்றி, இரத்தக்குழாய்கள் தளர்ந்து, போதிய அளவு நீர்மம் ஏற்றிய பிறகும் ரத்த அழுத்தம் மீளாத நிலை செப்டிக் ஷாக். தளர்ந்த குழாய்களை இறுக்கி அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் மருந்துகளே இரத்தக்குழாய் சுருக்கிகள். தொற்றை இவை தொடுவதில்லை. ஆன்டிபயாடிக் வேலை செய்யும்வரை மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போய்ச் சேர வைக்கின்றன.

அட்ரினல் சுரப்பியின் சாறு ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதை 1890களில் லண்டனில் ஜார்ஜ் ஆலிவரும் எட்வர்ட் ஷேஃபரும் காட்டினர். 1946இல் சுவீடனின் உல்ஃப் வான் ஆய்லர், அதே குடும்பத்தைச் சேர்ந்த நாரட்ரினலினை இனங்கண்டார். சில ஆண்டுகளில் அது மருந்தாகவும் வந்தது. வந்த வேகத்தில் கெட்ட பெயரும் வாங்கியது. உடலில் நீர்மம் வற்றியிருக்கும்போதே கொடுத்தார்கள், பெரும்பாலும் கைவிடும் கட்டத்தில். விரல்கள் கருகின; மருந்து சிரைக்கு வெளியே கசிந்த இடத்தில் சதை அழுகியது. பழி முழுவதும் மருந்தின் தலையில் விழுந்தது.

அந்த இடத்தை 1970களில் டோபமின் என்ற மற்றொரு சுருக்கி பிடித்தது. சிறு அளவில் கொடுத்தால் சிறுநீரகத்தைக் காக்கும் என்று நம்பினர். சிறுநீர் கூடுதலாக இறங்கியது உண்மைதான். அதையே காப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். 328 நோயாளிகளிடம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவர்கள் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. 2010இல், பலவகை ஷாக்கில் இருந்த 1,679 பேரிடம் இரு மருந்துகளும் நேருக்கு நேர் ஒப்பிடப்பட்டன. இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் டோபமின் பெற்றவர்களில் 24 சதவீதத்தினருக்கும் நாரட்ரினலின் பெற்றவர்களில் 12 சதவீதத்தினருக்கும் இதயத்துடிப்பு தாறுமாறானது. ஒதுக்கிவைத்த மருந்து மீண்டும் முதலிடத்துக்கு வந்தது.

இவற்றைவிடக் கடுமையான பாடம், இரத்தக்குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடின் உற்பத்தியைத் தடுக்கும் ஒரு மருந்தின் சோதனையில் கிடைத்தது. 2004இல் முடிவுகள் வெளியாயின: அழுத்தம் ஏறியது, இறப்பும் ஏறியது, சோதனையைப் பாதியில் நிறுத்தினர். மானிட்டரில் எண் உயர்வதால் மட்டும் நோயாளி தேறுவதில்லை. 2014இல் பிரெஞ்சு ஆய்வு ஒன்று சராசரித் தமனி அழுத்தத்தை 65–70க்குப் பதில் 80–85 மி.மீ. பாதரச அளவில் வைத்துப் பார்த்தது, உயிரிழப்பு குறையவில்லை.

செப்டிக் ஷாக்கில், இரத்தக்குழாய்களைச் சுருக்கும் வாசோபிரசின் என்ற ஹார்மோன் உடலில் குறைந்துபோவதை 1997இல் நியூயார்க் ஆய்வாளர்கள் கவனித்தனர். ஆயினும் அதை மருந்தாகக் கொடுத்து 778 பேரிடம் நடந்த 2008ஆம் ஆண்டு ஆய்வில் அது நாரட்ரினலினை வெல்லவில்லை, துணைமருந்தாக நிலைத்தது. இன்னொரு சுருக்கியான ஆஞ்சியோடென்சின் II அமெரிக்காவில் 2017இல் அனுமதி பெற்றது.

2021ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டி முதலில் நாரட்ரினலின், போதாவிட்டால் கூடவே வாசோபிரசின் என்கிறது. சராசரித் தமனி அழுத்தத்தின் தொடக்க இலக்கு 65 மி.மீ. பாதரசம். கழுத்துச் சிரையில் குழாய் போடும்வரை காத்திராமல் கைச்சிரையிலேயே தொடங்கலாம் என்றும் அது சொல்கிறது.