செவர்லேக்கு உதிரிபாகம் தேடிய கதை

மலர்க் குழுவினர் "வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் சார்" என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. என் வீட்டு ஷெட்டில் நிற்கும் 1948-ஆம் வருடத்து செவர்லே ஃப்ளீட்மாஸ்டர் காரைப் பற்றித்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். "கார் கதையா, வரலாறா சார்?" என்றார் குழுவில் ஒரு தம்பி. இரண்டும் ஒன்றுதான் தம்பி! செய்த கம்பெனி நாட்டை விட்டே போன பிறகும் ஒரு கார் ஓடுகிறது என்றால், அதற்குப் பின்னால் வரலாறு இல்லாமலா இருக்கும்?

கதை 1908-ல் தொடங்குகிறது. இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தளத்தில் ராயல் ஆட்டோமொபைல் கிளப்பார் கார்களுக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். மூன்று காடிலாக் கார்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார்கள். பாகங்களை ஒன்றாகக் கலந்தார்கள். சிலவற்றை எடுத்துவிட்டு, கடை இருப்பிலிருந்த புதுப் பாகங்களைச் சேர்த்தார்கள். பிறகு அரத்தைத் தொடாமல் மூன்று கார்களையும் பூட்டி, 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். அந்த ஆண்டின் டூவார் கோப்பை காடிலாக்குக்குக் கிடைத்தது. ஒவ்வொரு பாகத்தையும் ஃபிட்டர் ராவி ராவிப் பொருத்துவதே பெரும்பாலும் வழக்கமாக இருந்த காலம் அது. இனிமேல் பாகத்தின் எண்ணைச் சொன்னால் போதும், எந்த ஊரிலும் வாங்கி மாட்டலாம் என்பதே அந்தப் பரீட்சை சொன்ன செய்தி.

அந்த நம்பிக்கையோடுதான் அமெரிக்கக் கார்கள் நம் நாட்டுக்கும் வந்தன. ஃபோர்டு கம்பெனி 1926-லும், ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லும் இந்தியாவில் கடை விரித்தன. ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சேவ்ரியில் பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பூட்டி செவர்லே கார்களையும் லாரிகளையும் வெளியே அனுப்பியது. சுதந்திரம் வந்த சமயத்தில் பிரீமியர் கம்பெனி கிரைஸ்லருடன் சேர்ந்து டாட்ஜ், பிளைமவுத் வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. நம் ஊர்ப்பக்கம் பெரியவர்கள் இவற்றையெல்லாம் 'பிளஷர் கார்' என்பார்கள்.

ஆனால் பூட்டினால் மட்டும் போதாது, பாகங்களையும் இங்கேயே செய்ய வேண்டும் என்பது புதிய அரசின் கொள்கை. 1953-ல் சுங்கவரி ஆணையமும் அதையே வலியுறுத்தியது. 1954-ல் ஜெனரல் மோட்டார்ஸ் சேவ்ரியை மூடியது. அதே காலகட்டத்தில் ஃபோர்டும் மூட்டை கட்டியது. 1957-ல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபின் இறக்குமதி லைசென்ஸ் குதிரைக்கொம்பு ஆகிவிட்டது. கையில் எண் இருக்கிறது; அந்த எண்ணுக்குரிய சாமான் கடல் கடந்து இருக்கிறது! ஓடிக்கொண்டிருந்த வண்டிகளின் கதி?

இதற்கு விடையை நான் தெரிந்துகொண்டது வகுப்பறையில் அல்ல. பெரியப்பாவின் இந்தக் கார் 1988-ல் என் கைக்கு வந்தபோது எஞ்சினில் 'டொக் டொக்' என்று சத்தம். சென்னை புதுப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் பட்டறை வைத்திருந்த ஒரு பாயிடம் கொண்டுபோனேன். பானெட்டைத் திறக்காமலேயே, "நாலாவது ராடு தம்பி" என்றார். பிரித்துப் பார்த்தால் நாலாவதுதான்! இன்றைய வண்டிகளில் கழற்றி மாட்டுகிற ஷெல் பேரிங் அதில் கிடையாது. வெள்ளீயத்தோடு ஆண்டிமனியும் செம்பும் கலந்த 'ஒயிட் மெட்டலை' ராடிலேயே உருக்கி ஊற்றியிருப்பார்கள். பாய் அதை வார்த்து, கடைந்து, நீலம் தடவிச் சுரண்டிச் சுரண்டி உட்கார வைத்தார். நான் மைக்ரோமீட்டரோடு நின்றேன். "அதைப் பையில வையி தம்பி, கை சொல்லும்" என்றார். பிறகு ரகசியமாக அளந்து பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

பாகம் கிடைத்த வழியும் அவர் சொல்லித்தான் தெரியும். என் காரில் இருப்பது 216.5 கன அங்குல, ஆறு சிலிண்டர் எஞ்சின். அதே எஞ்சினை செவர்லே கம்பெனி பல லாரிகளுக்கும் போட்டது. ஆகவே காருக்கு வேண்டியது லாரியில் கிடைக்கும். 1950-களில் சென்னை சிம்சன் கம்பெனி பெர்க்கின்ஸ் பி6 டீசல் எஞ்சின் செய்ய ஆரம்பித்தபின், பலர் அமெரிக்க லாரிகளின் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசலை ஏற்றினார்கள். "இறக்கினதெல்லாம் எங்க போச்சு? காயலான் கடைக்குத்தான். நான் பொறுக்கி வெச்சேன்" என்று சிரிப்பார். அதுவும் இல்லையென்றால் லேத் பட்டறை. அங்கேயும் ஒரு சூட்சுமம் உண்டு. அரை அங்குல போல்ட்டில் இங்கிலீஷ் ஒயிட்வொர்த் என்றால் அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்கன் என்றால் 13 மரை. தெரியாதவன் முறுக்கினால் மரை போய்விடும்!

அமெரிக்காவில் இந்த அறிவு புத்தகமாக இருக்கிறது. எந்த வண்டியின் பாகம் வேறு எந்த வண்டிக்குச் சேரும் என்று சொல்லும் ஹாலண்டர் கையேடு 1934 முதல் வந்தது. பழைய வண்டிகள் உடைக்கும் யார்டுகளில் அதுதான் வேதம். நம் ஊர் ஹாலண்டர் கையேடு பாயின் தலைக்குள் இருந்தது. அமெரிக்கப் புத்தகத்தில் இல்லாத வண்டிகளும் அதில் உண்டு. எந்த அம்பாசிடர் சாமானை, எந்த லாரி சாமானை எவ்வளவு கடைந்தால் செவர்லேக்குச் சேரும் என்று அந்தப் புத்தகத்தில் யார் எழுதப்போகிறார்கள்?

"சொல்லுங்க பாய், எழுதிக்கிறேன்" என்று ஒரு நோட்டு போட்டேன். சுமார் நாற்பது பக்கம் நிரம்பியது. பிறகு வேலை, மாற்றல், பெண் கல்யாணம். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். 2006-ல் பாய் காலமானார். பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

1994-ல் அவர் என் காருக்கு வேறு ஏதோ வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்தியிருந்தார். போன ஆண்டு அதன் மூடியில் விரிசல் விட்டது. எந்த வண்டியுடையது என்று நான் அன்று கேட்கவில்லை. நோட்டில் அந்த வரி காலியாக இருக்கிறது. பாகத்தின் மேல் எண்ணும் இல்லை. 1908-ல் ஜெயித்த எண் வித்தையும் என் சோம்பேறித்தனத்தின் முன் தோற்றுப்போயிற்று!

பழங்கதைதானே என்று நினைக்காதீர்கள். திரும்பி வந்த ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தியது. மறைமலை நகரில் கார் செய்துவந்த ஃபோர்டும் 2021-ல் நிறுத்தப்போவதாக அறிவித்தது. அந்தக் கார்களை வைத்திருப்போரும் ஒரு நாள் இன்னொரு பாயைத் தேடத்தான் வேண்டும்.

ஆகவே நண்பர்களே, ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பழைய மெக்கானிக், டர்னர், வார்ப்புப் பட்டறைக்காரர் யாராவது இருந்தால், ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள். அடுத்த மாதம் வேண்டாம், இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள். என் நாற்பது பக்கத்தையும் பிரதியெடுத்து நம் கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்துவிட்டேன். மூடியைச் சந்திப்பு நாளன்று கையோடு கொண்டு வருகிறேன். பார்த்ததும் அடையாளம் தெரிந்தால் காதில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்தக் காலி வரியை அங்கேயே நிரப்பிவிடலாம்.