கைகாட்டியிலிருந்து கோப்புப் பூட்டு வரை

பலருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படும் ஒரு பொதுப்பொருளை ஒரு நேரத்தில் ஒருவரே கையாள வேண்டும் என்னும் விதி, கணினி தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே ரயில் பாதைகளிலும் சுரங்கக் குழிகளிலும் உருவாகி, அங்கே நேர்ந்த உயிரிழப்புகளால் செம்மைப்பட்டது. இணைய வழங்கியில், அதாவது பலர் கேட்கும் பக்கங்களை ஓயாது அனுப்பிக்கொண்டிருக்கும் கணினியில், ஒரு பொதுக்கோப்பைச் சேதமின்றி எழுதுவதற்கு இன்று பின்பற்றப்படும் முறைகள் அந்த விதியின் வாரிசுகளே. கோலார் தங்கவயலின் வரலாற்றில் அவ்விதியின் இரண்டு பழைய வடிவங்களும் அருகருகே காணக்கிடைக்கின்றன.

1880களில் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் நிர்வாகத்தில் தங்கவயல் சுரங்கங்கள் தழைத்தபோது, வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களே அங்கு பெருந்தொகையினராயினர். 1890களில் பௌரிங்பேட்டை, இன்றைய பங்காருபேட்டை, சந்திப்பிலிருந்து மாரிகுப்பம் வரை சுமார் 16 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு கிளைப்பாதை போடப்பட்டது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் ஆகிய நிலையங்களைத் தொட்டுச் செல்லும் அப்பாதை, சுரங்கத்துக்கு வேண்டிய இயந்திரங்களையும் ஆட்களையும் கொண்டுசேர்த்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கடந்து மின்சாரம் வந்தபின் சுரங்கங்களின் வேகம் மேலும் கூடியது.

இத்தகைய கிளைப்பாதைகளின் ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால் விலகிச் செல்ல வழியில்லை என்பதால், யாருக்கு எப்போது வழி என்பதைத் தீர்மானிப்பதே அத்தகைய பாதைகளின் தலையாய சிக்கலாக இருந்தது. இங்கிலாந்தின் நார்விச் நகருக்கு அருகிலுள்ள தார்ப்பில் 1874 செப்டம்பர் 10 அன்று, தந்திச் செய்தியில் நேர்ந்த குழப்பத்தால் எதிரெதிரான இரண்டு வண்டிகள் ஒரே பாதையில் அனுப்பப்பட்டு மோதி 25 பேர் இறந்தனர். இதையடுத்து எட்வர்ட் டையர் என்பவர் 1878இல், இரு நிலையங்களிலும் உள்ள கருவிகளை மின்கம்பியால் பிணைத்து, இரண்டிலும் சேர்த்து ஒரே ஒரு வில்லையை மட்டும் வெளியே எடுக்க முடியும்படி செய்தார். அந்த வில்லையே அனுமதி. அது கையில் இல்லாத ஓட்டுநர் அந்நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதிக்குள் நுழையக் கூடாது. இந்திய ரயில்வேயில் இதே தத்துவம் பின்னர் நீல் பந்துக் கருவியாகப் பரவியது. நிலைய அலுவலர் கருவியிலிருந்து எடுக்கும் உலோகப் பந்தைத் தோல் பையிலிட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் கோத்து ஓட்டுநரிடம் நீட்டும் காட்சி, கிளைப்பாதைகளில் பயணம் செய்த மூத்த தலைமுறையினருக்கு நன்கு பழக்கமானது.

சுரங்கக் குழியும் இத்தகைய பொதுப்பாதைதான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் இறுதியில் ஏறக்குறைய 3,200 மீட்டர் ஆழத்தை எட்டியது. குழியில் கூண்டை ஏற்றி இறக்கும் இயந்திர ஓட்டுநரால் கீழே நிற்பவரைக் காண இயலாது. ஆகவே வெவ்வேறு மட்டங்களில் காத்திருப்போர் அனைவரின் விருப்பமும் மணி ஒலிக்குறிகளாகச் சுருக்கப்பட்டு, அதற்கென நியமிக்கப்பட்டவர் மட்டுமே மணியடிக்கலாம் என்ற கட்டுப்பாடு வந்தது. ஓடும் கூண்டுக்கு ஒரு மணி ஒலித்தால் உடனே நிறுத்த வேண்டும்.

கணினியியல் இந்த ரயில் மரபிலிருந்து சொல்லையே கடன்வாங்கியது. நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960களில், ஒரே நேரத்தில் ஓடும் பல நிரல்கள் ஒரு பொருளைப் பகிர்ந்துகொள்ளும் சிக்கலுக்கு வகுத்த தீர்வுக்கு, தமிழர் கைகாட்டி என்று அழைக்கும் ரயில் சமிக்ஞைக் கம்பத்தின் பெயரான செமஃபோர் என்பதையே சூட்டினார். ஒரு நிரல் உள்ளே நுழையும்போது கைகாட்டி மற்றவற்றைத் தடுக்கும். அது வெளியேறியபின் அடுத்த நிரலுக்கு வழிவிடும்.

1990களில் இணைய வழங்கிகள் பரவியபோது இச்சிக்கல் எளிய தோற்றத்தில் திரும்பி வந்தது. ஒரு பக்கத்தின் வருகை எண்ணிக்கையைக் காக்கும் கோப்பில் 100 என்று இருக்கையில், ஒரே கணத்தில் வந்த இருவருக்காக ஓடும் இரண்டு நிரல்களும் அதைப் படித்து, இரண்டும் 101 என்று எழுதினால் ஒரு வருகை தடமின்றி அழிகிறது. இதற்கு இழந்த திருத்தம் என்று பெயர். இதைத் தடுக்கும் கோப்புப் பூட்டு வசதி யூனிக்ஸ் இயங்குதளத்தின் பெர்க்லி வழிப் பதிப்பில் 1983இல் இடம்பெற்றது. படிப்போர் பலர் ஒருங்கே வைத்திருக்கத்தக்க பகிர்வுப் பூட்டு, எழுதுவோர் ஒருவருக்கே உரிய தனிப்பூட்டு என அது இருவகைப்படும். யூனிக்ஸ் மரபில் இப்பூட்டு பெரும்பாலும் அறிவுறுத்தும் பூட்டே, தடுக்கும் சுவர் அன்று. பூட்டைக் கேளாமல் எழுதும் நிரலை அது நிறுத்தாது. பந்து இல்லாமல் வண்டியைக் கிளப்பும் ஓட்டுநரைப் போல, ஒரே ஒரு நிரல் விதியை மீறினாலும் மற்ற அனைத்தின் ஒழுங்கும் வீணாகும்.

மேலும் இரண்டு நுட்பங்கள் கவனத்திற்குரியவை. கோப்பை வெறுமையாக்கித் திறக்கும் கட்டளையை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு பூட்டைக் கேட்பது, பகுதிக்குள் நுழைந்தபின் பந்தைக் கேட்பதற்கு ஒப்பானது. பூட்டு கிடைக்குமுன்னே கோப்பின் உள்ளடக்கம் போய்விடும். இரண்டாவது, பழுதாகி நின்ற வண்டியிடம் பந்து தங்கிவிடுவதால் பாதை அடைபட்டே இருக்கும். ஆனால் நிரல் இடையில் செத்தால் இயங்குதளம் அதன் பூட்டை விடுவித்து, பாதி எழுதிய கோப்பின் மேலேயே அடுத்த நிரலுக்கு வழிவிடுகிறது. எனவே புதிய உள்ளடக்கத்தை அதே கோப்பு முறைமையில் ஒரு தற்காலிகக் கோப்பில் முழுமையாக எழுதி, வட்டில் பதிந்ததை உறுதிசெய்து, பின்னர் பெயர்மாற்றத்தால் பழையதன் இடத்தில் அமர்த்துவதே சிறந்தது. பெயர்மாற்றம் பிளவுபடாத ஒரே செயலாதலால், படிப்போர் முழுப் பழையதையோ முழுப் புதியதையோ மட்டுமே காண்பர். அவ்வாறு கோப்பே மாறிவிடுவதால், பூட்டை அதன்மேல் போடாமல் தனியானதொரு பூட்டுக்கோப்பின்மேல் போட வேண்டும்.

தங்கவயல் சுரங்கங்களைப் பிற்காலத்தில் நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டு கூண்டுகள் நின்றபின்னும், அந்தக் கிளைப்பாதை ஓயவில்லை. தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் வழித்தோன்றல்களை அது இன்றும் நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்கு ஏற்றிச் செல்கிறது. பொதுவானதைக் காப்பது பூட்டு மட்டுமன்று, அதைக் கேட்டுப் பெற்று, முறையாகத் திருப்பிக் கொடுக்கும் அனைவரின் கட்டுப்பாடும்தான் என்பதே கைகாட்டியும் குழிமணியும் கோப்புப் பூட்டும் ஒருசேர உணர்த்தும் உண்மை.