ஜனாதிபதி போட்ட ஸ்பெல்லிங் ஆர்டர்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆற அமரப் படியுங்கள்.

'த்ரூ' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஏழு எழுத்து. டீ, எச், ஆர், ஓ, யூ, ஜி, எச். கடைசியில் நிற்கும் ஜி-யும் எச்-சும் வாயைத் திறப்பதே இல்லை. வேலை செய்யாமல் சம்பளம் வாங்குகிற ஆட்கள். அதை டீ-எச்-ஆர்-யூ என்று நாலே எழுத்தில் முடித்தவர்களின் நோட்டில் நான் சிவப்பு மையால் சுழித்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அப்படித்தான் எழுத வேண்டும் என்று ஒரு அமெரிக்க ஜனாதிபதி ஆர்டரே போட்டார். வருஷம் 1906. ஆள் தியோடர் ரூஸ்வெல்ட்.

இதற்குப் பின்னால் இருந்தவர் இரும்பு வியாபாரத்தில் கோடீஸ்வரரான ஆண்ட்ரூ கார்னெகி. ஆங்கிலம் உலகப் பொதுமொழி ஆகிவிட்டால் சண்டை சச்சரவு குறையும், அதற்குக் குறுக்கே நிற்பது இந்தக் கோணல் ஸ்பெல்லிங்தான் என்று அவர் நம்பினார். ஆண்டுக்கு 15,000 டாலர் தருவதாகச் சொல்லி, ஸ்பெல்லிங்கை எளிமையாக்க ஒரு வாரியம் அமைக்க வைத்தார். தலைவர் பிராண்டர் மாத்யூஸ் என்ற பேராசிரியர். உறுப்பினர்களில் எழுத்தாளர் மார்க் ட்வைன் உண்டு, உச்ச நீதிமன்ற நீதிபதி டேவிட் ப்ரூவர் உண்டு, மெல்வில் டூயி உண்டு. நூலகத்தில் புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண் யாருடைய கண்டுபிடிப்பு என்று கேட்பேனே, அந்த டூயிதான். அவர் தன் பெயரிலேயே தேவையில்லாத எழுத்துகளை வெட்டிக்கொண்டவர். கொஞ்ச காலம் குடும்பப் பெயரை டி-யூ-ஐ என்று மூன்றே எழுத்தில்கூட எழுதிப் பார்த்தார்.

வாரியம் 300 சொற்களைப் பட்டியல் போட்டது. ஆகஸ்ட் 27 அன்று ரூஸ்வெல்ட் அரசு அச்சகத் தலைவர் ஸ்டில்லிங்ஸுக்குக் கடிதம் எழுதினார்: இனிமேல் என் துறைகளின் ஆவணங்கள் இந்த ஸ்பெல்லிங்கில் வரட்டும். பெரிய புரட்சி எதுவும் இல்லை, மக்களுக்குப் பிடித்தால் இருக்கட்டும், பிடிக்காவிட்டால் கைவிட்டுவிடுவோம் என்றும் அதில் சொன்னார். 'கைவிடுவோம்' என்பதற்குப் போட்ட ஆங்கிலச் சொல்லையே புது ஸ்பெல்லிங்கில் எழுதியிருந்தார், பின்னால் ஈ-டி இல்லாமல் ஒற்றை டீயோடு!

பத்திரிகைகளுக்குப் பண்டிகைதான். லூயிவில் நகரப் பத்திரிகை ஒன்று ரூஸ்வெல்ட்டின் பெயரையே காது கேட்டபடி கோணலாக எழுதிக் கேலி செய்தது. பால்டிமோரில் இன்னொன்று, ஜனாதிபதி இனித் தன் பெயரை எப்படி எழுதப் போகிறார், 'பட்-இன்-ஸ்கை' என்றா என்று கேட்டது. 'பட் இன்' என்றால் கூப்பிடாத இடத்தில் மூக்கை நுழைப்பது. கடலில் கடற்படை அணிவகுப்பு நடந்தபோது 'பிரஸ் போட்', அதாவது பத்திரிகையாளர் படகு, என்ற பெயரை எழுத்துகளைக் குறைத்து எழுதிக்கொண்டு ஒரு படகு அவர் எதிரிலேயே போனது. அதைப் பார்த்து அவரும் சிரித்தாராம். நல்ல மனுஷன்.

எனக்கு உறுத்துவது வேறு விஷயம். அந்தக் கேலி ஸ்பெல்லிங்குகள் பட்டியலில் கிடையவே கிடையாது. பட்டியலில் இருந்தவை கலர், ஹானர், சென்டர், ப்ரோக்ராம், கேட்டலாக் போன்ற சொற்கள். அவற்றில் பல அமெரிக்காவில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தவை. நோவா வெப்ஸ்டர் என்ற பள்ளி ஆசிரியர் நூறு வருஷம் முன்பே, 1806-ல், 'கலர்', 'ஹானர்' இரண்டிலும் யூ-வை எடுத்துவிட்டு அகராதி போட்டிருந்தார். ஈ-டி-க்குப் பதில் ஒற்றை டீ போடுவதும் ஷேக்ஸ்பியர் காலத்து அச்சிலேயே உண்டு. ஆக, பாட்டன் காலத்துப் பழக்கத்தைப் புதுசு என்று நினைத்துச் சிரித்தார்கள். இல்லாத ஒன்றைத் தாங்களே உண்டாக்கி, அதை அடித்து வீழ்த்தினார்கள். வாதத்தில் தோற்றிருந்தால் பரவாயில்லை. பட்டியலைப் படித்துப் பார்க்காமலே சிரித்துத் தோற்கடித்துவிட்டார்கள். கேலிக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகள் பழைய ஸ்பெல்லிங்கில்தான் அச்சாகும் என்றது. வாரியத்தில் இருந்த ப்ரூவர் அங்கே நீதிபதி என்பதை மறக்காதீர்கள். டிசம்பரில் பிரதிநிதிகள் சபையும் அகராதியில் உள்ளபடியே அச்சிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஆர்டர் போட்டு நாலு மாதம் முடிவதற்குள் ரூஸ்வெல்ட் வாபஸ் வாங்கினார். இனிச் சண்டை போடுவது மரியாதையாக இருக்காது, என் சொந்தக் கடிதங்களில் மட்டும் அப்படி எழுதிக்கொள்கிறேன் என்று மாத்யூஸுக்கு எழுதினார்.

மறு வருஷம் கார்னெகியை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே மார்க் ட்வைன் ஒரு விருந்தில் கிண்டலடித்தார். நோய் இருப்பது ஸ்பெல்லிங்கில் இல்லை, அகரவரிசையில். இவர் அதை விட்டுவிட்டு நோயின் அறிகுறிக்கு மருந்து கொடுக்கிறார் என்றார். வேடிக்கையாகச் சொன்னாலும் விஷயம் சரி. ஆங்கிலத்தில் உயிரொலிகள் இருபதுக்குப் பக்கம், எழுதுவதற்கு இருப்பதோ ஐந்தாறு எழுத்து. பிள்ளைகள் எங்கே போவார்கள்? டீச்சர் டிரெயினிங்கில் எங்களுக்கு 'உருப்போட வை' என்பதைத் தவிர இதற்கு வேறு வழி சொல்லித் தரவில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட இந்த ஊமை எழுத்துகளால் மார்க்கை இழந்து முகம் வாடுவதை வருஷா வருஷம் பார்த்தேன். 300 சொல் குறைந்திருந்தால் 300 குட்டு குறைந்திருக்கும்.

கார்னெகியும் பிறகு சலித்துப்போய்ப் பணத்தை நிறுத்தினார். 1919-ல் அவர் இறந்தார், அடுத்த வருஷம் வாரியமும் மூடப்பட்டது. 1934-ல் 'சிகாகோ ட்ரிப்யூன்' நாளிதழ் இதே மாதிரி ஸ்பெல்லிங்குகளைத் தானாகவே கையில் எடுத்து, 1975 வரை விடாப்பிடியாக ஓட்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்டது.

ஆனால் டீ-எச்-ஆர்-யூ மட்டும் சாகவில்லை. காரை விட்டு இறங்காமலே பர்கர் வாங்கும் இடத்தில் 'டிரைவ் த்ரூ' என்று பலகை இருக்கிறதே, பாருங்கள். அதில் நாலே எழுத்துதான். ஜனாதிபதியால் முடியாததை பர்கர் கடைக்காரன் முடித்துவிட்டான்! வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அந்தப் பலகையை ஒரு போட்டோ எடுத்துக் கமெண்டில் போடுங்கள். இந்த முறை சுழிக்க மாட்டேன்.