லயத்து வெளிச்சமும் பேட்டரியும்: வட சிலாங்கூர்த் தோட்டங்களின் மின்சார வரலாறு

மலாயாவில் மின்சாரத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்திய முதல் முயற்சி 1894ஆம் ஆண்டில் வட சிலாங்கூரின் ரவாங் வெள்ளீயச் சுரங்கத்தில் நடந்ததாக மின்துறை வரலாறுகள் பதிவு செய்கின்றன. அச்சுரங்கத்தில் மின்னாக்கியை நிறுவிய இருவரில் ஒருவர் சீனத் தொழிலதிபர் லோக் யூ. மற்றொருவர் பத்துமலை முருகன் கோயிலைத் தோற்றுவித்தவராகத் தமிழர் நினைவில் நிலைத்துள்ள தம்புசாமி பிள்ளை. ரவாங்கிற்கு மேற்கே பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், புக்கிட் ரோத்தான், கோலசிலாங்கூர் என விரிந்த ரப்பர்த் தோட்டங்களின் லயங்களில், அதாவது தொழிலாளர் குடும்பங்களுக்காக வரிசையாகக் கட்டப்பட்ட குடியிருப்புகளில், மின்விளக்கு எரிய அதற்குப் பின் பல பத்தாண்டுகள் ஆயின. முதல் மின்னாக்கியில் ஒரு தமிழரின் முதலீடு இருந்தும், அதே வட்டாரத்தில் பால்மரம் சீவிய தமிழர்கள் மண்ணெண்ணெய்ச் சிமினி விளக்கின் வெளிச்சத்திலேயே ஒரு தலைமுறைக்கும் மேலாக வாழ்ந்ததற்குத் தொழில்நுட்பக் குறை காரணமாகாது. மின்சாரம் யாருக்காக, எந்த வேலைக்காக வரவழைக்கப்பட்டது என்பதிலேயே அதன் காரணம் அடங்கியிருக்கிறது.

சுரங்கத்தில் மின்சாரம் நீரிறைக்கும் எந்திரத்தை ஓட்டியதால் அதற்கு உடனடி வருமானம் இருந்தது. 1905இல் உலு கோம்பாக்கில் நீர்மின் நிலையம் எழுந்து கோலாலம்பூருக்கு விளக்குத் தந்தது. ரவாங்கை அடுத்த பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை வெட்டப்பட்ட நிலக்கரி ரயில்களையும் மின்நிலையங்களையும் இயக்கியது. இவ்வாறு எரிபொருள் வட சிலாங்கூரின் மண்ணிலிருந்தே புறப்பட்டபோதும், அதன் ஒளி நகரத்தை நோக்கியே சென்றது. ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டத்துரை 1917இல் மலாயாவின் முதல் வணிக எண்ணெய்ப்பனைத் தோட்டத்தைப் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் தொடங்கினார். அந்நாட்களில் கங்காணிகள் வழியாகத் தமிழகத்திலிருந்து ஆள்சேர்ப்பு தொடர்ந்து நடந்துவந்தது. லயத்து வீடு, குடிநீர், மருத்துவமனை ஆகியவை குறித்துக் குடியேற்றக்கால அரசு விதிகள் வகுத்தது. விளக்கு தொழிலாளியின் சொந்தச் செலவாகவே கருதப்பட்டது.

தோட்டத்திற்குள் மின்சாரம் நுழைந்த வழி ஆலைதான். ரப்பர்ப் பாலை உறையவைத்துத் தகடாக்கும் ஆலைக்கும், துரையின் பங்களாவுக்கும், கிராணிகள் எனப்பட்ட எழுத்தர்களின் வீடுகளுக்கும் டீசல் இஞ்சின் ஒன்று மின்சாரம் தந்தது; அதன் கம்பி பின்னாளில் லயங்களுக்கும் நீட்டப்பட்டது. எண்ணெய்ப்பனை ஆலைகளில் பழத்தின் நாரையும் ஓட்டையும் எரித்து நீராவியாக்கி மின்சாரம் எடுக்கும் முறை இருந்ததால், அங்கு எரிபொருளுக்குத் தனிச் செலவு குறைவு. ஆயினும் எவ்வகைத் தோட்டமாயினும் லயத்துக்கு மின்சாரம் நாள் முழுவதும் வருவதில்லை. மாலையில் சில மணி நேரம் இஞ்சின் ஓடும். இரவில் குறித்த நேரத்தில் நிறுத்தப்படும். தொழிலாளர் அணிவகுத்து வேலைப் பங்கீடு பெறும் பெரட்டுக்கு முன், விடியற்காலையில் பல தோட்டங்களில் மீண்டும் சற்று நேரம் ஓடும். சமையல், படிப்பு, உறக்கம் என வீட்டின் அந்தரங்கமான நேரங்கள்கூட இஞ்சின் அறையிலிருந்து வகுக்கப்பட்டன என்பதையும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இஞ்சின் நின்றபின் மண்ணெண்ணெய் விளக்கைத்தான் நாட வேண்டியிருந்தது என்பதையும் தோட்டக் கல்வியின் பின்னடைவைப் பேசும்போது மறந்துவிடக் கூடாது.

இஞ்சின் நின்ற பின்னும் வேலை செய்யும் மின்சாரத்தை லயத்துக்கு முதலில் கொண்டுவந்தது பேட்டரி. கம்யூனிஸ்டு கிளர்ச்சியை அடக்க 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் அரசு தன் செய்திகளைப் பரப்புவதற்காகப் பேட்டரியில் இயங்கும் வானொலிப் பெட்டிகளைக் கம்பங்கள் எனப்படும் மலாய்க் கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது இடங்களில் வைத்தது. தொழிலாளர் கூடிநின்று கேட்ட அப்பெட்டிகள் அரசுடைமையாக இருந்தன. டிரான்சிஸ்டர் வானொலி மலிவானபோதுதான் தமிழ் ஒலிபரப்பு தனி வீட்டுக்குள் வந்தது. மலேசியாவில் 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொலைக்காட்சி தொடங்கியபின், நாள் முழுதும் மின்சாரம் இல்லாத கம்பங்களிலும் தோட்டங்களிலும் கறுப்பு வெள்ளைப் பெட்டியைக் கார் பேட்டரியில் இணைத்துப் பார்க்கும் வழக்கம் பரவியது. தீர்ந்த பேட்டரியைச் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ கட்டிப் பட்டணத்துப் பட்டறைக்கு எடுத்துச்சென்று, கட்டணம் கொடுத்து மின்னேற்றி, மறுபடி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வாரந்தோறும் ஒளிபரப்பான தமிழ்ப் படத்துக்காக எத்தனையோ குடும்பங்கள் பேட்டரியைச் சிக்கனமாகச் சேமித்துவைத்தன. நாற்பது ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள 12 வோல்ட் பேட்டரியில் பாதியைப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 240 வாட்-மணி ஆற்றல் கிடைக்கும். பதினைந்து வாட் இழுக்கும் சிறிய பெட்டி அதில் பதினாறு மணி நேரம் ஓடும் என்று கணக்கிட்டால், ஒரு முறை மின்னேற்றியது சில மாலைகளுக்கே போதும் என்பது விளங்கும். வீடும் கம்பியும் விளக்கும் தோட்டத்துக்குச் சொந்தமாக இருந்த உலகில், தொழிலாளி தன் கூலியில் வாங்கித் தன் விருப்பப்படி இயக்கிய முதல் மின்சாரம் பேட்டரியின் மின்சாரமே. அதன் அளவு சிறிதாயினும் சமூக வரலாற்றில் அதற்குரிய இடம் பெரிது.

அந்தப் பேட்டரிக்கும் தோட்டத்துக்கும் இன்னொரு உறவும் உண்டு. 1859இல் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய ஈய-அமில பேட்டரியில், ஈயத் தகடுகள் கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். அமிலம் அரிக்காத பெட்டி அதற்குத் தேவை. ரப்பருடன் மிகுதியான கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் கிடைக்கும் எபொனைட் என்னும் கெட்டி ரப்பரே, பிளாஸ்டிக் வரும்வரை, பேட்டரிப் பெட்டிகளுக்கான முதன்மைப் பொருளாக இருந்தது. மங்கு என்னும் கிண்ணத்திலும் வாளியிலும் பாலாகச் சேர்ந்து, தகடாகிக் கப்பலேறிய மலாயா ரப்பரின் பெரும்பகுதி டயர்களுக்கே சென்றாலும், அதன் ஒரு சிறு பங்கு இவ்வகையில் பேட்டரியின் உடலாகவும் மாறியது.

லயத்துப் பேட்டரி சீக்கிரம் கெட்டதற்கு வேதியியலில் விளக்கம் உண்டு. கார் பேட்டரி வண்டியைக் கிளப்பக் கணநேரம் பெருமின்னோட்டம் தருவதற்காக அமைந்தது. அதை முழுவதும் வடியவிட்டு, மின்னேற்றாமல் நாட்கணக்கில் வைத்தால் தகடுகளில் ஈயச் சல்பேட் கெட்டியாகப் படிந்து கொள்ளளவு குறைகிறது. வெப்பம் பத்துப் பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணிப்பு. துத்தநாகக் கூரைக்குக் கீழே அந்தப் பேட்டரி பட்ட பாட்டை அதிலிருந்து உணரலாம்.

தேசிய மின்சார வாரியத்தின் கம்பிகள் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கம்பங்களுக்கு விரைந்து சென்றபோது, தோட்டங்கள் தனியார் நிலம் என்பதால் அரசின் கிராமப்புற வளர்ச்சித் திட்டங்களில் பெரும்பாலும் சேர்க்கப்படவில்லை. எல்லைக்கு அப்பால் கம்பத்தில் இரவு முழுதும் விளக்கெரிய, எல்லைக்கு உள்ளே இஞ்சின் நேரத்தில் மட்டும் எரிந்த நிலை ஓர் அநீதி என்றே சொல்ல வேண்டும். தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதித் தரங்கள் பற்றிய 1966ஆம் ஆண்டுச் சட்டம் 1990இல் புதிய வடிவம் பெற்று, போதிய மின்சாரம் தருவதையும் முதலாளியின் கடமையாக வைத்தது. ஆனால் அதே காலத்தில் ரப்பர் எண்ணெய்ப்பனைக்கும், எண்ணெய்ப்பனை வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம்விடத் தொடங்கியிருந்தது. லயத்துக்கு முழுநேர மின்சாரம் வந்துசேர்ந்தபோது லயமே கலையத் தொடங்கிவிட்டது.

பேட்டரியின் அடுத்த மாற்றத்தில் தமிழரின் பெயர் மீண்டும் வருகிறது. மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் பயின்ற ஆறுமுகம் மந்திரம், பேட்டரி ஆய்வாளர் ஜான் குட்இனஃபுடன் எண்பதுகளில் பல்லணு எதிர்மின் அயனிச் சேர்மங்களை ஆராய்ந்தார். 1997இல் குட்இனஃபின் குழு வெளியிட்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் அந்த ஆராய்ச்சி மரபில் பிறந்தது. குட்இனஃபின் 2019ஆம் ஆண்டு நோபல் உரையை அவர் சார்பில் நிகழ்த்தியவரும் மந்திரமே. நான்கு கலங்களைத் தொடராக இணைத்து 12.8 வோல்ட் தரும் இவ்வகைப் பேட்டரி, ஈய-அமில வகையின் பாதிக்கும் குறைவான எடையில், சேமித்த ஆற்றலின் பெரும்பகுதியைச் சேதமின்றித் தருகிறது. ஒவ்வொரு கலத்தின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் கண்காணிக்கும் மின்சுற்று ஒன்றும் அதனுடன் இருக்கும். கார் பேட்டரியே வீட்டுக்கும் உழைத்த லயத்து வழக்கம் போலன்றி, மோட்டார்ஹோம் எனப்படும் வீட்டு வண்டிகளில், வண்டியைக் கிளப்பும் பேட்டரிக்கு அப்பால், விளக்குக்கும் குளிர்ப்பெட்டிக்கும் உரிய ‘வீட்டு பேட்டரி’ என்று தனியாக ஒன்று வைப்பது உலக வழக்கு. அதை லித்தியத்துக்கு மாற்றிக் கூரையில் சூரியத் தகடு பொருத்துவது இப்போது பரவிவருகிறது. இதே முறையை வட சிலாங்கூருக்குப் பொருத்திப் பார்க்கலாம்: நடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகைக்குச் சற்று மேலே உள்ள கோலசிலாங்கூரில் பகற்பொழுது ஆண்டு முழுதும் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம். மேகமும் மழையும் போக, முழு வெயிலுக்கு நிகராக நான்கைந்து மணி நேரம் தேறும். 300 வாட் தகடு இழப்புகள் போக நாளுக்குச் சுமார் 900 வாட்-மணி தரக்கூடும். அது, பட்டறையில் ஏற்றிவந்த பழைய தொலைக்காட்சி பேட்டரி ஒரு முறைக்குத் தந்த ஆற்றலைப் போல் மூன்றரை மடங்குக்கு மேல்.

கம்பியோடு இணைந்த கூரைச் சூரிய மின்சாரத் திட்டங்கள் மின் நிறுவனத்தில் கணக்குள்ள வாடிக்கையாளருக்கே உரியவை. தோட்டத்து வீட்டில் தங்கியவர்க்கோ, தோட்டம் விற்கப்பட்டபின் தற்காலிக நீள்வீட்டில் காத்திருப்பவர்க்கோ கூரையே சொந்தமில்லை. உலு சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீடு கேட்டுப் பல்லாண்டுகள் போராடினர். அவற்றுள் ஒன்றின் பெயரைத் தாங்கிய புக்கிட் தாகாரில் 2005 முதல் இயங்கும் குப்பை நிரப்பு நிலையத்தில், கோலாலம்பூரின் குப்பை வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கப்பட்டு நாட்டின் மின்கம்பிகளில் சேர்க்கப்படுகிறது.